சென்னம்மாளின் ஐஸ் பெட்டி

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் பன்னிரண்டாயிரம் கோழி நிற்கிற பண்ணை ஒன்று உண்டு. வாசல் பலகையில் ‘மணியன் கோழிப்பண்ணை’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பி மணியனிடம் போய்க் கோழியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், மனுஷன் கொஞ்சமும் கூச்சப்படாமல், “உள்ள அவ இருக்கறாளுங்க, அவளையே கேட்டுக்குங்க” என்று கையைக் காட்டிவிடுவார். பலகைக்கு மணியன், பண்ணைக்குச் சென்னம்மாள் என்பது தீவன வண்டிக்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம்.

மணியனின் மனைவி சென்னம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. கர்வம் உண்டு; அதை அவள் மறைத்ததும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தடுப்பு மருந்தை வீணாக்கியதில்லை என்பதுதான் அந்தக் கர்வம். குஞ்சுகளுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து உயிருள்ள சரக்கு. சூடு பட்டால் செத்துப்போகும். செத்த மருந்தை விட்டால் மருந்து விட்ட திருப்திதான் மிஞ்சும், நோய் அதுபாட்டுக்கு வந்து சேரும். அதனால் நாமக்கல்லில் மருந்து வாங்கினால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே புதைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள். பண்ணையின் ஸ்டோர் ரூமில் மருந்துக்கென்றே ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. ஒருநாள் அவள் மகன் யோகேஷ் அதில் குளிர்பான பாட்டில் ஒன்றை வைத்தான். பத்து நிமிடத்தில் அது ரோட்டோரப் புதரில் கிடந்தது. வெள்ளைக் கழிச்சல் வந்து சுற்றுவட்டாரத்தில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சரிந்த வருடம், அவள் பண்ணையில் தினச்சாவு நாலைத் தாண்டவில்லை. தன் மருந்து உயிரோடு இருந்ததுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வாள். உண்மையும் அதுதான்.

இன்னொரு விஷயத்திலும் அவள் கறார். கொட்டகைச் சுவரில் தொங்கும் அட்டையில் தினம் தீவனம் எவ்வளவு, முட்டை எவ்வளவு, சாவு எவ்வளவு என்று எழுதுவாள். சாவைக் குறைத்து எழுதுகிற பண்ணைக்காரர்கள் நிறைய உண்டு. சென்னம்மாள் எழுதமாட்டாள். சாவை மறைத்தால் நோயை எப்படிப் பிடிப்பது என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாசியில் கூண்டுக் கம்பித் துண்டு ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்து இடது காலின் இரண்டாவது விரலில் ஏறிவிட்டது. வலியே தெரியவில்லை. சாயந்திரம் கால் கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தாள். புண் ஆறாமல் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. பங்குனிக் கடைசியில் நாமக்கல் டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். காலையில் பதினாறு யூனிட், மாலையில் பத்து.

மருந்து வாங்கியது வெண்ணந்தூரில் அமுதவல்லியின் மருந்துக்கடையில். அமுதவல்லிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பி.ஃபார்ம் படித்தவள். மற்ற கடைகளில் மாத்திரையைக் காகித உறையில் போட்டு நீட்டுவதோடு சரி. இவள் ஆளை அப்படி விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முன்னால் இருக்கிற தகரக் கூரைக்கடியில் இருபது பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் வகுப்பு எடுப்பாள். லாரி ஓட்டுகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், மரவள்ளிக்கிழங்கு மில்லுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஆளுக்கொரு நோட்டு. வீட்டில் பார்த்த சர்க்கரை அளவை அதில் எழுதி வர வேண்டும், அவள் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வாள். லாரிக்காரர்களுக்கு டயர் காற்றை வைத்துப் பிரஷரை விளக்குவாள், தறிக்காரர்களுக்கு நூல் இழுவையை வைத்து. மருந்தை ஏன் விழுங்குகிறோம் என்று தெரியாமல் யாரும் விழுங்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

சித்திரை வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் ஒரு ஞாயிறு இன்சுலினைப் பற்றிப் பாடம் நடத்தினாள். “இன்சுலின் வெயில்ல செத்துரும்ங்க. பாத்தா ஒன்னும் தெரியாது, எப்பவும் போல அப்படியே இருக்கும். ஆனா உள்ள உசுரு இருக்காது. குளுகுளுன்னு வெச்சுக்கோணும்.” சொல்லிவிட்டு ஆளுக்கொரு சீட்டும் கொடுத்தாள். ‘இன்சுலினை எப்போதும் குளிர்ச்சியாக வைக்கவும்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

சென்னம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். மருந்து எப்படிச் சாகும் என்பதை இந்தப் பிள்ளை நமக்குச் சொல்லுகிறதா என்று நினைத்தாள். ஆனாலும் பாடம் மனசில் தைத்தது. வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறக்கிறார்கள், அங்கே மருந்து எங்கே உருப்படும்? அன்றைக்கே இன்சுலினை எடுத்துக்கொண்டுபோய், குஞ்சுகளுக்கான சொட்டு மருந்து இருக்கிற இடத்திலேயே பத்திரமாக வைத்தாள்.

வைகாசி பிறந்தது. நோட்டில் முந்நூறு என்று எழுதினாள். அப்புறம் முந்நூற்று ஐம்பது. அப்புறம் நானூறு. டாக்டர் இரண்டு தடவை அளவைக் கூட்டி, காலை முப்பது, மாலை இருபதுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்றாவது தடவை போனபோது புண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இவ்வளவு இன்சுலினுக்கும் இறங்கலைன்னா, நீங்க சாப்பாட்டுல எதையோ மறைக்கிறீங்கம்மா. இன்னும் மூணு வாரம் பார்ப்போம். இறங்கலைன்னா விரலை எடுத்துரலாம். விட்டா பாதத்துக்கு ஏறிரும்.”

“நான் ஒன்னும் மறைக்கலீங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்று அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

விரல் போவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள் போலிருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ போயிருக்கிறது. ஆனால் செத்த கோழி ஒன்றைக்கூட மறைத்து எழுதாதவளைப் பார்த்து மறைக்கிறாய் என்று சொன்னது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது மணியன், பாவம், ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். யோகேஷ் நல்ல பையன். அம்மாவின் விரல்மேல் அவனுக்கிருந்த பயம்தான் அவனை அப்படிப் பேச வைத்தது.

“அம்மா, எங்கிட்டயாச்சும் நெசத்தைச் சொல்லு. யாருக்கும் தெரியாம என்ன திங்கற?”

“ராகிக் களியும் கீரையும் திங்கறேன்டா கண்ணு. நீதான் கூட உக்காந்து பாக்கறியே.”

“பாக்காதப்ப?”

மறுநாள் காலையில் நாட்டுச்சர்க்கரை டப்பா அடுப்படியில் இல்லை. யோகேஷ் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான்.

அந்த ஞாயிறு வகுப்பில் அமுதவல்லி நோட்டை வாங்கிப் பார்த்தாள். முந்நூற்று எண்பத்தாறு, நானூற்று இரண்டு, நானூற்றுப் பதினொன்று. அவளுக்கும் அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமைதான் வேறொரு நோயாளிக்குக் கால் எடுத்த சேதி வந்திருந்தது.

“ஏனுங்க்கா, நோட்டு பொய் சொல்லாதுங்க. நாக்கைக் கட்டலைன்னா இன்சுலின் என்ன பண்ணுமுங்க?”

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மாதையன், இன்னமும் லோடு ஓட்டுகிற லாரி டிரைவர், சும்மா இருக்கமாட்டாமல், “பண்ணையில முட்டையோட பணியாரமும் போடறாங்களாட்ட இருக்குது” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அமுதவல்லி சிரிக்கவில்லைதான், ஆனால் சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. சென்னம்மாள் நோட்டைக் கையிலிருந்து வாங்கினாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். இனிமேல் இந்தத் தகரக் கொட்டகைக்குக் கீழே கால் வைப்பதில்லை என்று வழியிலேயே முடிவு பண்ணிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரப் பொழுதோடு, ஆள்கள் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பண்ணை கேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அமுதவல்லி. தோளில் பை, கையில் அந்தப் பெரிய பதிவேடு.

சென்னம்மாள் கேட்டைத் திறந்தாள். கோபம் இருந்தாலும் பண்ணையின் சட்டம் சட்டம்தான்.

“மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு உள்ள வா. எங்கிருந்து என்னத்தைக் கொண்டு வாரியோ.”

அமுதவல்லி வாசல் தொட்டியில் செருப்போடு இரண்டு காலையும் நனைத்தாள்.

“எதுக்கு வந்தே சாமி? பணியாரம் இருக்குதான்னு பாக்கறதுக்கா?”

“இல்லீங்க்கா. எனக்கு ஒரு சந்தேகமுங்க, கேட்டுட்டுப் போலாமுன்னு வந்தேன்.” பதிவேட்டைத் திறந்து ஸ்டோர் ரூம் மேஜையில் வைத்தாள். “நீங்க ஊசி ஆரம்பிச்ச மொத பன்னெண்டு நாளு பாருங்க. முன்னூத்தி நாப்பது, இருநூத்தி எம்பது, இருநூத்தி இருவது. நல்லா எறங்கிட்டுத்தான் வந்துருக்குது. அப்புறம் ஏறுது. எந்த நாள்ல இருந்து ஏறுதுன்னு நேத்துத்தான் பாத்தனுங்க. நான் வெயிலைப் பத்திப் பாடம் சொன்னனே, அந்த ஞாயித்துக்கிழமைக்கு மூணாம் நாளு.”

சென்னம்மாள் குனிந்து பார்த்தாள். எண்களைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழித் தீவனத்தில் பூஞ்சை ஏறினால் எந்த நாளில் முட்டை குறைந்தது என்று அட்டையைப் பார்த்துப் பிடிப்பவள் அவள்.

“இன்னொன்னுங்க. திங்கறதுல ஏமாத்தறவங்க ஊசியிலயும் ஏமாத்துவாங்க. மாசக் கடைசியில நாலு சிரிஞ்சாவது மிச்சமாகும். நீங்க வாங்குன கணக்கைப் பாத்தேன். ஒரு வேளைகூடத் தப்பலைங்க.” அமுதவல்லி பதிவேட்டை மூடினாள். “கோளாறு உங்ககிட்ட இல்லீங்க்கா. நான் சொன்னதுல தான் என்னமோ இருக்குதுன்னு படுது. பொழுதோட ஊசி இன்னும் போடலீங்களே? மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் தினமும் செய்யறாப்பல செஞ்சு காட்டுங்க. நான் வாயே தொறக்கமாட்டேன்.”

வாயே திறக்கமாட்டேன் என்றதுதான் சென்னம்மாளுக்குப் பிடித்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். புதுத் துணியில் துடைத்தாள். காலமெல்லாம் செய்த வேலையைப் பார்க்க ஆள் வந்திருக்கிறபோது ஒரு மிடுக்கு வருமே, அது அவள் நடையில் வந்துவிட்டது.

மருந்து ஃப்ரிட்ஜின் மேலே இருக்கிற ஐஸ் அறையைத் திறந்தாள். வெண்புகை இறங்கியது. உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி, அதற்குள் இரண்டு ஐஸ் பைகள், நடுவில் குஞ்சுகளுக்கான சொட்டு மருந்து பாட்டில்கள் வரிசையாக. அவற்றுக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் சின்னத் துணியில் சுற்றி, இரண்டு இன்சுலின் பாட்டில்கள். ஒன்றை எடுத்தாள்.

“அரை மணி நேரம் முன்னாடியே எடுத்து உள்ளங்கையில வெச்சு உருட்டோணும். அப்பத்தான் இளகும். போட்டு முடிச்சதும் மறுபடி ஐஸுக்குள்ள. கரண்டு போனா அஞ்சு நிமிசத்துல ஜெனரேட்டர் ஓடும். அம்பது நாளா ஒரு சொட்டு வெப்பம் படலை சாமி. உன்ற கடையிலகூட இப்படி இருக்காது.”

திரும்பிப் பார்த்தால் அமுதவல்லியின் கண் நிறைந்திருந்தது. கொடுத்த வாக்குக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏஞ்சாமி, என்னாச்சு?”

அமுதவல்லி மூச்சை இழுத்துவிட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டைக் காட்டினாள். “அங்க இருக்குதே, அந்த வெள்ளைப் பாட்டில் என்னதுங்க?”

“அது எண்ணெய் மருந்து. பெரிய கோழிக்கு ஊசியில போடறது.”

“அதை ஏனுங்க மேல வெக்கலை?”

சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சென்னம்மாள் சொன்னாள். “அதை மேல வெக்கக் கூடாது. ஒறைஞ்சா எண்ணெய் தனி, தண்ணி தனின்னு பிரிஞ்சு போயிரும். இளக வெச்சாலும் பழையபடி சேராது. ஒறைஞ்சுட்டா அது மருந்தில்ல.”

“இன்சுலினும் அந்தச் சாதிதானுங்க்கா.”

வேறு யாருக்காவது இதை விளக்க வேண்டுமானால் அமுதவல்லிக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். சென்னம்மாளுக்கு அந்த ஒரு வரி போதும். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். உருட்டினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பாதி இளகிய பால் நிறத்துக்கு நடுவே, திரிந்த பாலில் நிற்பதுபோல் பொடிப் பொடியாகத் துகள் மிதந்தது. தினம் கண்ணில் பட்டதுதான்; மருந்தின் இயல்பே அப்படி என்று நினைத்திருந்தாள்.

“அப்ப அம்பது நாளா நான் செத்த மருந்தைப் போட்டிருக்கறேன்” என்றாள். “நானு. இத்தனை வருசம் ஒரு மருந்தைச் சாக உடாதவ.”

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கொட்டகையில் பன்னிரண்டாயிரம் கோழியும் சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. அப்படியே தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

அமுதவல்லி அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “சூட்டுல செத்துரும்னு சொன்னேன். ஒறைஞ்சாலும் செத்துரும்னு சொல்லலைங்க. சீட்டுலயும் எழுதலை. ஃப்ரிட்ஜே இல்லாத சனந்தானே வாரதுன்னு அசட்டையா உட்டுட்டேன். சொன்னதை அட்சரம் பிசகாமச் செஞ்சது நீங்க ஒருத்தர் தானுங்க. தப்பு என்னோடதுங்க.”

சென்னம்மாள் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு, “புது மருந்து இருக்குதா?” என்று கேட்டாள்.

அமுதவல்லி எதற்கும் இருக்கட்டும் என்று பையில் ஒன்று கொண்டுவந்திருந்தாள். சென்னம்மாள் அதை வாங்கி, சிரிஞ்சைப் பிரித்து, இருபது கோட்டுக்கு இழுக்கப் போனாள். அமுதவல்லி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“இருங்க்கா. இருபது போட்டா விழுந்துருவீங்க. செத்த மருந்து வேலை செய்யலைன்னு தானே டாக்டர் அளவை ஏத்தினாரு. இது உசுருள்ள மருந்து. அவரைக் கேக்காம ஒரு சொட்டுப் போட வேண்டாம்.”

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். மாலை நேர நோயாளிகளுக்கு நடுவில் எடுத்ததால் அவர் முதலில் சலித்துக்கொண்டார். அமுதவல்லி பதறவில்லை, தான் சொன்ன பாடம், அச்சடித்த சீட்டு, எண்கள் ஏறிய தேதி, ஐஸ் பெட்டி, பாட்டிலில் மிதந்த துகள் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் பேசியது ஸ்பீக்கரில் சென்னம்மாளுக்கும் கேட்டது.

“அவங்க மருந்தை எங்க வைக்கிறாங்கன்னு நான் கேக்கவே இல்லையே” என்றார் டாக்டர். பிறகு, “பழைய அளவுக்கே வாங்க. இன்னிக்குப் பத்து. மூணு நாள் காலையும் மாலையும் பார்த்து எனக்குச் சொல்லுங்க” என்றார்.

வாசலில் யோகேஷ் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. நேராக வீட்டுக்குப் போனான். சென்னம்மாள் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடப் போனபோது நாட்டுச்சர்க்கரை டப்பா அடுப்படியில் பழைய இடத்தில் இருந்தது. அதில் ஒரு துளியும் அவள் தொடப்போவதில்லை. ஆனாலும் டப்பாவை எடுத்து முந்தானையால் துடைத்து, அதே இடத்தில் வைத்தாள்.

சாப்பிடுவதற்கு முன்னால் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். கொட்டகைச் சுவர் அட்டையில், அன்றைய சாவு என்ற கட்டத்தில், ‘கோழி 3, இன்சுலின் 2 பாட்டில்’ என்று எழுதினாள். சாவு எதுவானாலும் மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலை இருநூற்று அறுபது. ஞாயிற்றுக்கிழமை நூற்றுத் தொண்ணூற்று எட்டு. அன்றைக்கு அவள் வகுப்புக்குப் போனாள். போகப் போவதில்லை என்று முடிவு பண்ணியது அவளுக்கு ஞாபகம்தான். ஆனால் அமுதவல்லி சனிக்கிழமையே ஆள் அனுப்பி, அந்தத் தெர்மாகோல் பெட்டியையும் எண்ணெய் மருந்து பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

இருபது நாற்காலியும் நிறைந்திருந்தது. அமுதவல்லி பாடத்தை ஆரம்பிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“போன வாரம் இந்த எடத்துல வெச்சு இந்த அக்காவைப் பொய் சொல்றதாட்டம் பேசிட்டேன். நீங்களும் சிரிச்சீங்க. அவங்க ஒரு வாயி தப்பாத் திங்கலை. ஒரு ஊசி தப்பலை. நான் பாதிப் பாடந்தான் சொன்னேன். அந்தப் பாதியை நம்புனதுக்கு அவங்க ஒரு விரலையே குடுக்க வேண்டியதாப் போயிருக்கும். எல்லாருக்கு முன்னால பேசுனதை எல்லாருக்கு முன்னாலயே திருப்பிக்கறேன். மன்னிச்சுக்குங்க்கா.”

மாதையன் தலையைச் சொறிந்துகொண்டு, “நானும் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணும் அம்மிணி” என்றார்.

சென்னம்மாளுக்கு அப்போது நெஞ்சு விரிந்த விரிவை அவளாலேயே தாங்க முடியவில்லை. வெள்ளைக் கழிச்சல் வருடத்தில்கூட அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. எழுந்து முன்னால் போனாள். பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

“மருந்துல ரெண்டு சாதி” என்று ஆரம்பித்தாள். “மேல வெக்கறது ஒன்னு, கீழ வெக்கறது ஒன்னு. ரெண்டுக்கும் சூடு ஆகாது. ஆனா கீழ வெக்கறதை மேல வெச்சீங்கன்னா, அது செத்துப்போய்ட்டும் உங்களைப் பாத்து உசுரோட இருக்கறாப்பலயே சிரிக்கும்.” செத்த பாட்டிலையும் புதுப் பாட்டிலையும் இரண்டு கையிலும் பிடித்து வரிசை வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொருவரும் துகளைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.

பார்த்து முடித்ததும் ஆளாளுக்கு வாய் திறந்தது. தான் பாட்டிலை லாரி என்ஜினுக்குப் பக்கத்து டூல்ஸ் பெட்டியில் வைப்பதாக மாதையன் ஒப்புக்கொண்டார். கதிர்வேல் என்கிற தறிக்காரர் டி.வி.க்கு மேலே. கிழங்கு மில்லுக்குப் போகிற ஆத்தாயி மட்டும், வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்ன டப்பாவில் வைத்திருப்பதாகப் பயந்து பயந்து சொன்னாள். அமுதவல்லி அவளைத்தான் பாராட்டினாள். அன்றைக்கு எழுதிய புதுச் சீட்டில் மூன்று வரி இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவையொட்டியோ கீழ்த் தட்டிலோ வைக்கவும். ஐஸ் அறையில் வைக்கக் கூடாது. மூன்றாவது வரி சென்னம்மாளுடையது: உறைந்துவிட்டால் அது மருந்தில்லை.

ஆனி பிறந்து ஒரு வாரம் கழித்து, டாக்டர் கொடுத்த மூன்று வாரம் முடிந்த நாளில் நாமக்கல் போனாள். மணியனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனாள். நோட்டை மேஜைமேல் விரித்து வைத்தாள். நூற்று அறுபது, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று ஐம்பத்திரண்டு. டாக்டர் கட்டைப் பிரித்தார். சீழ் வற்றி, விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுச் சதை ஏறியிருந்தது. விரலை மெதுவாக அழுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது தங்கிரும்மா. எடுக்க வேண்டியதில்லை.”

சென்னம்மாள் தலையை ஆட்டினாள். சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடியது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எழுந்திருக்க அவளுக்கு மனசில்லை. நோட்டைப் பின்னால் புரட்டி, வைகாசிப் பக்கத்துக்குத் திருப்பினாள்.

“இந்த நானூறு, நானூத்திப் பத்து, அதுவும் நெசந்தானுங்க. நான் மறைக்கலைன்னு அன்னிக்குச் சொன்னனுங்களே.”

டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “ஆமாம்மா. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான்தான் சரியாப் படிக்கலை” என்றார்.

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கதவுக்கு வெளியே, கட்டுப்போட்ட காலுக்கென்று வாங்கிய அகலச் செருப்பைக் குனிந்து மாட்ட ஆரம்பித்தாள். அடுத்த நோயாளி, வேட்டி கட்டிய ஒரு பெரியவர், உள்ளே போய் உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

“சர்க்கரை இறங்கலையே” என்று டாக்டரின் குரல் கேட்டது. ஏட்டைப் புரட்டுகிற சத்தம். அதற்கப்புறம், “இன்சுலின் பாட்டிலை வீட்டுல எங்கங்க வைக்கிறீங்க?” என்று கேட்டார்.

சென்னம்மாள் மாட்டிய செருப்பு வாரை அவிழ்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து மெதுவாக மாட்டினாள். பெரியவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் அவள் போவாள்.